‘கொஞ்ச நாள் பாத்துக்கோ’: மார்த்தாண்டத்துத் துணிக்கடை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள்

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடை. முப்பது பேருக்குக் கொஞ்சம் மேல் வேலை செய்கிறார்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரையில் ஒரு கிளையும் உண்டு. 2014 ஜூனில் மார்த்தாண்டம் கடையில் பில் போட ஒரு பி.காம். பட்டதாரி சேர்ந்தார். 2023 ஜூலையில் வேலையை விட்டபோது பில், கல்லா, ஜிஎஸ்டி, கொள்முதல், ஸ்டாக், கிளைக்குச் சரக்கு அனுப்புவது என்று பாதிக் கடை அவர் கையில் இருந்தது. சம்பளம் 14,000 ரூபாய். அவரை இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். கடையில் சேல்ஸ் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆளையோ கடையையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

சம்பளப் பிரச்சினைகளுக்குக் கணக்குப் போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சம்பளம் பாக்கி இருக்கும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியிருப்பார்கள். இது அப்படியில்லை. இந்த முதலாளி ஒரு மாதம்கூடச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டதில்லை. லாக்டவுனில் கடை மூடியிருந்தபோதும் பாதிச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பினார். அக்காவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே பணம் கொடுத்தார். அப்படிப்பட்ட இடத்திலும் ஒரு ஆள் இரண்டரை ஆள் வேலையை ஒரு ஆள் சம்பளத்துக்குப் பார்க்கும்படி ஆகிவிடுகிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். தனியார் கடையில் சட்டம் நேரத்தை அளக்கும், பொறுப்பை அளக்காது. பொறுப்புக்குக் கூலி வேண்டுமென்றால், அது கைமாறுகிற அன்றே பேசித் தாளில் ஏற்ற வேண்டும்.

வேலை ஏறிய விதம்

சேர்ந்தபோது சம்பளம் 6,000. பில் கவுண்டர் மட்டும். ஒரு வருடத்தில் கல்லா அடைக்கிற வேலையும் வந்தது. கேஷியருக்கு வீடு தூரம், சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான் காரணம். பெரிய வேலையில்லை என்று அக்காவும் நினைத்தார், அது சரியும்கூட.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அதுவரை கணக்கெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ் பாடு. இனி ஒவ்வொரு பில்லிலும் வரி சரியாக விழ வேண்டும். மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரி விவரம் என்று போயாக வேண்டும். பி.காம். படித்தவர் என்று அக்காவை ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பிக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் நாலு தட்டு தட்டுவதுபோலத் தெரியும். உள்ளே இருப்பது வேறு. சேலைக்கு விலை எவ்வளவானாலும் 5 சதவீதம். தைத்த சட்டை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 12 (அன்றைய விகிதம் அது). ஓணத்துக்குத் தள்ளுபடி போடும்போது 1,100 ரூபாய்ச் சட்டை 990க்கு இறங்கும். அத்தோடு வரியும் 12லிருந்து 5க்கு இறங்க வேண்டும். பில் மென்பொருளில் அதை மாற்ற மறந்தால் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கியதாகிவிடும். தள்ளுபடி முடிந்த மறுநாள் திருப்பி மாற்ற மறந்தால் அரசுக்குக் குறைவாகக் கட்டியதாகிவிடும். நூற்றுக்கணக்கான ரகங்களுக்கு இதை ராத்திரி கடை அடைத்த பிறகு மாற்றியவர் அக்கா.

2018இல் இ-வே பில் வந்தது; சரக்கை வண்டியில் அனுப்பும்போது இணையத்தில் எடுக்க வேண்டிய சீட்டு அது. நெய்யாற்றின்கரைக் கிளை கேரளத்தில் இருப்பதால் அதற்குத் தனி ஜிஎஸ்டி எண். ஒரே முதலாளியின் இரண்டு கடைகள்தான் என்றாலும் சரக்கு எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் வரி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். வண்டி எண்ணைத் தப்பாகத் தட்டினால் சரக்கு வழியில் நிற்கும். டிரைவர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவதும் அக்காவைத்தான்.

இதற்கெல்லாம் சம்பளம் ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது. வருடாவருடம் எல்லோருக்கும் ஏறியது போல ஏறியது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விலைவாசிக்கு எல்லோருக்கும் போடுகிற உயர்வு வேறு, பொறுப்புக்குத் தருகிற உயர்வு வேறு. அக்காவுக்கு முதலாவது மட்டும் கிடைத்தது.

2019 வைகாசிக் கல்யாண சீசன் முடிந்ததும் கொள்முதல் பார்த்துவந்த பெரியவர் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டார். சூரத், ஈரோடு, திருப்பூர் ஏஜெண்டுகளை இருபது வருடமாகக் கையில் வைத்திருந்தவர். அவர் சம்பளம் 19,000. முதலாளி அக்காவிடம் சொன்னது இதுதான்: “மக்ளே, கொஞ்ச நாளைக்கு நீயே பாத்துக்கோ. நல்ல ஆளு கிடைச்சா மாத்தீரலாம்.” அன்று அக்கா வாங்கிக்கொண்டிருந்தது 11,500.

அந்தக் கொஞ்ச நாள் நான்கு ஓணங்களைத் தாண்டியது. ஆள் தேடியதாகவே தெரியவில்லை. தேட அவசியம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஏஜெண்டுகளிடம் பேசுவது, பார்சல் ஆபீசில் எல்.ஆர். என்கிற லாரி ரசீதைக் கொடுத்து மூட்டையை எடுக்க ஆள் அனுப்புவது, பிரித்து எண்ணுவது, கறை பட்டதையும் கிழிந்ததையும் தனியே எடுத்துத் திருப்பி அனுப்பி அதற்கு வரவுக் குறிப்பு வாங்குவது என்று எல்லாம் நடந்துகொண்டிருந்தது. நடக்கிற வேலைக்கு எந்த முதலாளி ஆள் தேடுவார்?

மேனேஜர் அட்டை

2021இல் இரண்டாம் அலை ஓய்ந்து கடைகள் திறந்த பிறகு, ஆகஸ்டில் முதலாளி அக்காவைக் கூப்பிட்டு ஒரு கட்டு விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். பெயருக்குக் கீழே ‘மேனேஜர்’. சம்பளம் 12,500இலிருந்து 14,000. சேல்ஸ் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். அக்கா அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னார். எனக்கு அந்த அட்டைதான் இந்த வழக்கிலேயே வருத்தமான பொருள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக்கூடாது. அந்த மிகைநேரத்துக்குச் சாதாரணக் கூலியைப்போல் இரண்டு மடங்கு தர வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, மேலாண்மைப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்கிறது. ஆக, கையில் மேனேஜர் என்ற அட்டை இருந்தால் “நீங்கள்தான் மேனேஜர் ஆயிற்றே, உங்களுக்கு ஏது ஓவர்டைம்?” என்று கேட்க வழி பிறக்கிறது. 1,500 ரூபாயும் அட்டையும் கொடுத்து அதைவிடப் பெரிய உரிமையை எடுத்துக்கொண்டார்கள். முதலாளிக்கு இது தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. யாரோ பழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார். ஆனால் விளைவு ஒன்றுதான்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. புதிய சம்பளச் சீட்டில் 14,000ஐ இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: அடிப்படையும் பஞ்சப்படியும் 9,500, ‘சிறப்புப் படி’ 4,500. பி.எஃப். 9,500க்கு மட்டும் பிடிக்கப்பட்டது. அக்கா கையெழுத்துப் போட்டார். கைக்கு வருகிற தொகை கூடியிருந்ததால் உள்ளே என்ன பிரிவு என்று பார்க்கத் தோன்றவில்லை.

அவர் நேரக் கணக்கைப் பார்ப்போம். காலை 9.30க்கு வருவார், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், 6.30க்கு முடிய வேண்டும். முடிந்தது எட்டு மணிக்கு. சராசரியாக ஒன்றரை மணி நேரம் கூடுதல். வாரத்தில் ஆறு நாள் என்றால் 57 மணி, சட்டத்தின் உச்சவரம்பையே தாண்டுகிறது. சீசனில் ஒன்பதரை ஆகும். 2019இல் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுதும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டபோதே, சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, தேவைப்பட்டால் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. இங்கே சம்மதமும் கேட்கவில்லை, வண்டியும் கொடுக்கவில்லை. அக்கா ஊர் கருங்கல் பக்கம். கடைசி டவுன் பஸ்ஸை விட்டுவிட்டால் ஆட்டோதான். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில், அக்கா ஆட்டோவுக்குக் கொடுத்த காசு அந்த 1,500இல் பெரும்பகுதியைத் தின்றது.

முந்நூறு ரூபாய்

2022இல் திருவோணம் செப்டம்பர் 8. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிற நாள் அது. துணிக்கடைக்கோ அதற்கு முந்தைய மூன்று வாரமும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆகஸ்டில் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கடைக்கும் பிரித்து, விலைச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் 20இல் போக வேண்டிய 3பி விவரம் 26இல்தான் போனது. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், ஆறு நாளைக்கு 300. மாதக் கடைசியில் அந்த முந்நூறை அக்காவின் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். “ஜிஎஸ்டி உன் பொறுப்புதானே மக்ளே” என்றாராம் முதலாளி.

ஐந்து வருடம் மாதம் தவறாமல் போட்டபோது அது யாருடைய பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முறை தவறியதும் பொறுப்புக்குப் பெயர் வந்துவிட்டது. கூலி கொடுக்கும்போது இல்லாத பொறுப்பு, அபராதம் பிடிக்கும்போது மட்டும் எப்படி வருகிறது? இதைக் கேட்டபோதுதான் அக்காவின் குரல் உடைந்தது. பணத்துக்காக அழுகிற ஆள் இல்லை அவர்.

கேட்டபோது

கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிந்து 2023 ஜனவரியில் நேரில் போய்க் கேட்டார். கொள்முதலுக்கு வேறு ஆள் போடுங்கள், இல்லையென்றால் அந்தப் பெரியவருக்குக் கொடுத்த சம்பளத்தைக் கொடுங்கள் என்று. கிடைத்த பதில்: “நீ இருக்கதுனாலதான் நான் நிம்மதியா தூங்குதேன். மக மாதிரி நீ. மக அப்பாகிட்ட கணக்கு கேப்பாளா?” பிறகு, ஈஸ்டர் கழியட்டும். பிறகு, வைகாசி முகூர்த்தம் கழியட்டும். பிறகு, பள்ளிக்கூடம் திறக்கிற சீசன். எங்கள் ஊர்த் துணிக்கடைக்கு வருடம் முழுதும் ஏதாவது ஒன்று கழிய வேண்டியிருக்கும். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டாடுகிற மாவட்டம் இது.

பாசம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தவர்தான் அவர். ஆனால் மகள் என்று கூப்பிடுகிறவர் கடையில் பங்கு தரப்போவதில்லை. சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் உறவு நடுவில் வந்து நின்றால், அந்த உறவால் லாபம் ஒரு பக்கத்துக்குத்தான்.

இன்னொரு பதிலும் மறைமுகமாக வந்தது, அக்கவுண்ட்ஸ் பையன் வழியாக: வெளியே நூறு பி.காம். வேலை தேடி நிற்கிறது. இது உண்மைதான், அதனால்தான் வலிக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். படித்தவர்களுக்கு ஏற்ற வேலை இங்கே இல்லை. போக முடிந்தவர்கள் திருவனந்தபுரம், சென்னை, வளைகுடா என்று போகிறார்கள். வீட்டில் முடியாத அப்பாவை வைத்துக்கொண்டு உள்ளூரில் நிற்கிற பெண்களின் உழைப்புக்கு விலை படிவது இப்படித்தான்.

சட்டம் எதுவரை வரும்

அக்கா என்னிடம் வந்தது ஜூனில். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் சம்பளச் சீட்டுகள், விசிட்டிங் கார்டு. நியமனக் கடிதம் கிடையாது. கொள்முதலைப் பார்க்கச் சொன்னதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

அரசு வேலையில் இது நடந்திருந்தால் கதை வேறு. அடிப்படை விதி 49 என்று ஒன்று இருக்கிறது; இன்னொரு பதவியைச் சேர்த்துப் பார்க்கிறவருக்குக் கூடுதல் பொறுப்புப் படி கொடுக்க அது வழி சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 1998இல் செல்வராஜ் வழக்கில், பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் மேல்பதவியின் வேலையைப் பார்த்த காலத்துக்கு அந்தப் பதவியின் சம்பளம் உண்டு என்றது. அதே ஆண்டு சண்டிகர் ஹரி ஓம் சர்மா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், ‘கூடுதல் சம்பளம் கேட்க மாட்டேன்’ என்று ஊழியரிடம் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது என்றது. இவை அரசு ஊழியர் வழக்குகள். மார்த்தாண்டத்துத் துணிக்கடையில் நிர்ணயித்த பதவியும் இல்லை, பதவிக்கான சம்பள விகிதமும் இல்லை. எதோடு ஒப்பிடுவது?

ஒப்பிட ஒன்று இருந்தது: அந்தப் பெரியவரின் 19,000. ஒரே வேலைக்கு அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்குக் கொடுப்பதைவிடப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்றது அப்போது நடப்பிலிருந்த 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம். அது தனியார் கடைக்கும் பொருந்தியது. இருவரும் ஒரே காலத்தில் வேலை பார்க்கவில்லை, ஒருவர் போன இடத்துக்கு இன்னொருவர் வந்தார் என்பதால் எதிர்வாதத்துக்கு இடம் உண்டு. ஆனாலும் மனுவின் முதல் பத்தியில் அதை வைத்தோம்.

இரண்டாவது மிகைநேரம். மேனேஜர் என்ற வாதத்தை உடைக்க அக்காவுக்கு என்னென்ன அதிகாரம் இருந்தது என்று எழுதினோம்: யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது, லீவு கொடுக்க முடியாது, செக்கில் கையெழுத்து கிடையாது, ஆயிரம் ரூபாய்க்கு மேல் தள்ளுபடி கொடுக்க முதலாளிக்குப் போன் போட வேண்டும். பதவியின் பெயரை விட்டுவிட்டு உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்று பார்ப்பதே தொழிலாளர் வழக்குகளில் நிலைபெற்ற முறை.

நேரத்துக்கு என்ன சாட்சி? வருகைப் பதிவேட்டில் எல்லோருக்கும் 6.30 என்றே இருந்தது. இங்கே அக்காவின் பழக்கம் கைகொடுத்தது. தினமும் கல்லா அடைத்ததும் டே க்ளோஸ் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். துண்டுச் சீட்டில் மொத்த விற்பனை, ரொக்கம், கார்டு, யுபிஐ, கீழே அச்சான நேரம்: 20:04, 19:58, 21:37. ஒவ்வொன்றுக்கும் கீழே முதலாளி போட்ட கட்டைவிரல். இதைவிட நல்ல பதிவேடு எது? பழைய போன் பழுதானதில் முந்தைய செய்திகள் போய்விட்டன; 2021 ஆகஸ்டிலிருந்துதான் இருந்தது. அதனால் அதற்கு முந்தைய ஆண்டுகளைக் கேட்கவே முடியவில்லை.

கணக்கு இப்படி: 14,000ஐ 26 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்தால் மணிக்கு 67.31 ரூபாய். இரண்டு மடங்கு 134.62. மாதம் 39 மணி நேரம் மிகை. ஆக மாதம் 5,250 ரூபாய். மேனேஜர் அட்டையோடு வந்த உயர்வு 1,500. 24 மாதத்துக்கு மிகைநேரக் கூலி 1,26,000.

நாகர்கோவில் தொழிலாளர் உதவி ஆணையருக்கு என்று எழுதிய மனுவின் நகலை முதலில் முதலாளிக்கே கொடுத்தோம். அவர் கோபப்பட்டார், அக்காவிடம் பேசவில்லை. ஆனால் ஆடிட்டர் படித்துப் பார்த்திருக்கிறார். பத்து நாளில் பேச்சுக்கு அழைத்தார்கள். மிகைநேரத்துக்கு 60,000 கொடுத்தார்கள். பிடித்த 300ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அக்கா பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். கொள்முதல் சம்பள வித்தியாசத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்குக்குப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் வருடக்கணக்கில் அலைய அவர் வீட்டு நிலைமை இடம்கொடுக்கவில்லை. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

பணிக்கொடையில்தான் (கிராஜுவிட்டி) அந்தச் சம்பளப் பிரிவு கடித்தது. அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும்; மற்ற படிகள் சேராது. 9,500க்கும் 9 ஆண்டுக்கும் கிடைத்தது 49,327. முழு 14,000மும் அடிப்படையாக இருந்திருந்தால் 72,692. படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தின் விலை 23,365 ரூபாய்.

எங்கே திரும்பியிருக்கலாம்

2019தான். பில் போடுகிறவரைக் கல்லா அடைக்கச் சொன்னதும், ஜிஎஸ்டி கற்றுக்கொள்ளச் சொன்னதும் வேலையோடு ஒட்டி வந்தவை. ஜிஎஸ்டி கற்றது அக்காவுக்குச் சொத்தாகவும் ஆனது. கொள்முதல் அப்படியில்லை. அது சம்பளமும் ஆளும் உள்ள தனி இடம். காலியானதும் மாதம் 19,000 மிச்சமானது முதலாளிக்கு. அன்று ஓணத்துக்கு மூன்று மாதம்தான் இருந்தது, வேறு ஆள் கைவசம் இல்லை. அக்காவின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அந்த வாரம் இருந்த அளவுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி டே க்ளோஸ் ரிப்போர்ட்டோடு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தால் போதும்: “முதலாளி, நீங்க சொன்னபடி நாளையிலிருந்து பர்சேஸ் வேலையும் பாக்குறேன். ஓணம் முடிஞ்சதும் ஆள் போடுறதா, இல்ல எனக்கே சம்பளம் போட்டுத் தர்றதான்னு பேசிக்கலாம்.” மரியாதை குறையாத நான்கு வரி. அதற்கும் ஒரு கட்டைவிரல் விழுந்திருக்கும். வேலை என்றைக்கு ஆரம்பித்தது, தற்காலிகம் என்று யார் சொன்னது, சம்பளம் எப்போது பேசுவதாக இருந்தது என மூன்றுக்கும் சாட்சி ஆகியிருக்கும். வேலைக்கு இருக்கிற யார் என்னிடம் வந்தாலும் இப்போது முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலாளிகளுக்கும் ஒன்று. அக்கா போன பிறகு அந்தக் கடையில் கொள்முதலுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓணத்துக்கு ஏஜெண்டுகள் கடனுக்குச் சரக்குத் தர யோசித்ததாகக் கேள்வி. அவர்கள் நம்பிக்கை அக்காவின் போன் எண்ணோடு இருந்தது.

அக்கா இப்போது தக்கலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். சம்பளம் 18,000, வேலைகளை வரிசையாக எழுதிய நியமனக் கடிதம் கேட்டு வாங்கியிருக்கிறார். பழைய கடை விஷயத்தில் மிச்சம் இருப்பது பி.எஃப். எல்லோருக்கும் ஒரேபோலக் கொடுக்கும் படிகளை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தே பி.எஃப். கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்காவின் 4,500 ரூபாய்ப் படிக்கு முதலாளி பங்கு மட்டும் மாதம் 540 ரூபாய். சீட்டை இப்படிப் பிரித்தது அவருக்கு மட்டும் அல்ல, கடை முழுவதற்கும். நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கடையில் இன்னும் வேலையில் இருக்கும் இரண்டு சேல்ஸ் பிள்ளைகள் தங்கள் சம்பளச் சீட்டுகளின் நகலைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது என் முதல் வேலை.